முதியோர் உதவித்தொகை: ஏட்டிலிருந்து வீட்டு வாசல் வரை

திங்கட்கிழமைதோறும் திருச்சிராப்பள்ளி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் இருவகை முதியோரைக் காணலாம். ஒரு வகையினர் அரசுப் பணியிலோ ஆசிரியப் பணியிலோ இருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் கையில் ஓய்வூதிய ஆணையின் நகல் இருக்கும். கேட்க வந்தது நிலுவைத் தொகையாகவோ விடுபட்ட படியாகவோ இருக்கும். தமக்குச் சேரவேண்டியதைத்தான் கேட்கிறோம் என்னும் உறுதி அவர்கள் குரலிலேயே தெரியும். மற்ற வகையினர் கையில் பிறர் எழுதிக் கொடுத்த மனு ஒன்று மடங்கிக் கிடக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் அவர்கள் பிறரைக் கேட்டே அறிவர். மக்கள் வழக்கில் ‘ஓ.ஏ.பி. பணம்’ என்று வழங்கும் முதியோர் உதவித்தொகைக்காக வந்தவர்கள் அவர்கள். இருவரும் முதியோரே, இரண்டும் அரசின் பணமே. ஆயினும் ஒன்று உரிமையாகவும் மற்றொன்று இரக்கமாகவும் தோன்றுவது ஏன்? இதற்கு விடை தேடினால் அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு விரிகிறது. அதன் ஒரு பகுதி நம் ஊரிலேயே நடந்தது.

முதியோரையும் பிணியாளரையும் பேணும் அறம் காவிரிக்கரைக்குப் புதியதன்று. திருவரங்கம் கோயிலில் 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. போசளர் காலத்தில் அங்கே அமைந்திருந்து பின்னர் அழிந்துபோன ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்த செய்தியை அது கூறுகிறது. இத்தகைய அறங்களுக்கு நிலம் எழுதி வைத்தவர்கள் பலர். ஆனால் அறச்சாலைக்கு ஓர் இயல்பு உண்டு. அதன் வாசலை அடைந்தவனுக்கே அது உதவும். அடைய இயலாதவனை அது தேடிச் செல்லாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ‘பென்சன்’ என்னும் சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. படையிலும் அரசு அலுவலகங்களிலும் பணி செய்தவர்களுக்கு அது கிடைத்தது. ஆனால் அரசைச் சார்ந்து உழைத்தோர் அனைவருக்கும் அது கிடைத்ததாக எண்ணிவிடக் கூடாது. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடம் திருச்சியில் இருந்தது. அதன் பெரிய பணிமனையும் 1920-களில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. அங்கே இரும்போடு போராடிய தொழிலாளி ஓய்வு பெற்றபோது சேமநிதியாக ஒரு தொகையைப் பெற்றான். மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் ரயில்வே ஊழியர்களுக்கு 1957-இல்தான் வந்தது. உறையூரில் சுருட்டுச் சுற்றியவர்களுக்கோ சேமநிதியும் இல்லை. திருச்சிச் சுருட்டின் புகழ் ஷெர்லக் ஹோம்ஸ் கதை வரை சென்றது. அதைச் சுற்றிய விரல்கள் ஓய்ந்தபின் என்ன ஆயின என்று எந்தக் கதையும் கேட்கவில்லை.

ஆங்கிலேயர் தம் சொந்த நாட்டில் 1908-ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியச் சட்டம் இயற்றினர். எழுபது வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் என்று 1909 சனவரி முதல் நாள் தபால் நிலையங்களில் கொடுக்கத் தொடங்கினர். அச்சட்டம் அப்போது அவர்கள் ஆட்சிக்குட்பட்டிருந்த அயர்லாந்துக்கும் பொருந்தியது. அங்கே ஒரு வேடிக்கையான இடர் எழுந்தது. அயர்லாந்தில் பொதுப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864-இல்தான். எழுபது வயதானவர் தம் வயதை எதைக்கொண்டு மெய்ப்பிப்பார்? 1839 சனவரி 6-ஆம் நாள் இரவு அத்தீவைப் பெருங்காற்று ஒன்று உலுக்கியிருந்தது. அந்தக் காற்று தமக்கு நினைவிருக்கிறது என்று சொன்ன முதியோர் பலர். நினைவிருந்தால் எழுபது கடந்திருக்க வேண்டும் அன்றோ! பழைய குடிக்கணக்கு ஏடுகளும், பங்குக் கோயில்களின் திருமுழுக்கு ஏடுகளும் தூசி தட்டி எடுக்கப்பட்டன. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். நம் ஊருக்கு மீண்டும் வரும்போது இது உதவும்.

தம் நாட்டு முதியோருக்கு வாரந்தோறும் பணம் அனுப்பியவர்கள் இந்தியாவில் அதைச் செய்யவில்லை. பஞ்சம் வந்தால் மட்டும், பஞ்ச நிவாரண விதிகளின்படி, உழைக்க இயலாத முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் இலவசப் படி அளந்தனர். பஞ்சம் நீங்கியதும் படியும் நின்றது. சாதாரண ஆண்டில் சாதாரண வறுமையில் வாடும் கிழவிக்கு அரசின் கணக்கில் இடமில்லை. விடுதலைக்குப் பின் நம் அரசியலமைப்பின் 41-ஆவது பிரிவு, முதுமையிலும் நோயிலும் வேலையின்மையிலும் பொது உதவி பெறும் உரிமைக்கு, தன் பொருளாதார வல்லமைக்கு உட்பட்டு, அரசு வகை செய்யவேண்டும் என்று கூறியது. ஆனால் அது வழிகாட்டும் நெறிகளுள் ஒன்று. நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறத்தக்கதன்று.

அந்த நெறிக்குச் சென்னை மாநிலம் உருவம் கொடுத்தது 1962 ஏப்ரல் முதல் நாளில். காமராசர் முதலமைச்சராக இருந்த காலம் அது. மாதம் இருபது ரூபாய். ஆதரவற்ற முதியோருக்கு மட்டும். ‘ஆதரவற்ற’ என்னும் அந்தச் சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வருவாய் இருத்தலாகாது, குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் சொத்து இருத்தலாகாது, பிச்சையைத் தொழிலாகக் கொண்டிருத்தலாகாது. இவற்றையெல்லாம் விடக் கடுமையாக, நெடுங்காலம் நடைமுறையில் இருந்த விதி ஒன்று உண்டு: வயதுவந்த மகனோ மகன்வழிப் பேரனோ இருத்தலாகாது. மகன் சோறு போடுகிறானா என்பது கேள்வியன்று. மகன் இருக்கிறானா என்பதே கேள்வி. கூலி வேலைக்கு வேற்றூர் சென்று முகம் காட்டாத மகனும் விதியின் கண்ணில் ஆதரவுதான். எத்தனை தாய்மார்கள் விசாரணைக்கு வந்தவரிடம் ‘எனக்கு மகன் இல்லை’ என்று சொல்ல நா எழாமல் உதவியை இழந்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கு ஏடு எதுவும் இல்லை.

இந்த விதிகளைப் படிக்கும்போது விவிலியம் அறிந்தவர்களுக்கு ஓர் இடம் நினைவுக்கு வரும். திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் கைம்பெண்களின் பட்டியலைப் பற்றிப் பேசுகிறது. பட்டியலில் சேர அறுபது வயதுக்குக் குறையாதிருக்க வேண்டும். நன்னடத்தைக்குச் சான்று வேண்டும். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் அவர்களே முதலில் பேணவேண்டும். திருச்சபையின் மேல் அந்தச் சுமையை ஏற்றலாகாது. வயது, நடத்தை, உறவு என்று நம் அரசாணை கேட்கும் மூன்றும் அங்கேயும் இருக்கின்றன. உள்ளது குறைவாகவும் கேட்போர் பலராகவும் இருக்கும் இடத்தில் எக்காலத்திலும் இப்படித்தான் பட்டியல் எழுதப்படும் போலும். திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் வேறொரு செய்தி இருக்கிறது. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் விடப்பட்டனர் என்று முறையீடு எழுந்தது. உணவு அங்கே இல்லாமலில்லை. சிலர் கணக்கில் வராமற் போயினர். வேற்றுமொழியினர், புதிதாக வந்தவர்கள், குரல் எழுப்பத் தெரியாதவர்கள் விடுபடுவது அன்றும் நடந்தது. திருத்தூதர்கள் அப்பணிக்கென்றே எழுவரை ஏற்படுத்தினர். தொகையைக் கூட்டினார்கள் என்று அங்கே எழுதப்படவில்லை. ஆளை ஏற்படுத்தினார்கள் என்றே எழுதப்பட்டிருக்கிறது. உதவித்தொகையின் வரலாற்றை ஆராயும்தோறும் இந்த நுட்பம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏனெனில் 1962-இலேயே உதவி ஏட்டில் வந்துவிட்டது. ஏட்டுக்கும் குடிசைக்கும் இடையே நடக்கத்தான் ஆள் இல்லை.

இடையே இருந்த ஆள் யார்? கிராமத்தில் பரம்பரைப் பதவியில் இருந்த முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும். பெரும்பாலும் அவர்கள் நிலமுடையோர், அல்லது நிலமுடையோரின் உறவினர். வயலில் நடவு நட்டு முதுகு வளைந்த கிழவி தனக்கு ஆதரவில்லை என்னும் சான்றை, தான் ஆயுளெல்லாம் வேலை செய்த வீட்டாரிடமே பெறவேண்டியிருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கான ஓய்வூதியம் 1981 மார்ச் 15-இல், அதாவது நான்கு திங்களில், தொடங்கியது. இரண்டும் திட்டமிட்டு இணைந்தனவோ தற்செயலோ, இலால்குடி, திருவரங்கம் பக்கத்து நெல்வயற் கிராமங்களுக்கு இரண்டும் சேர்ந்தே பொருளுள்ளவை.

இதற்கு முன்பே 1974-இல் உடல் ஊனமுற்றோருக்கும், 1975-இல் ஆதரவற்ற விதவையருக்கும் தனித்தனி ஓய்வூதியங்கள் வந்திருந்தன. 1986-இல் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் வந்தது. 1982 சூலை முதல் நாள் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார் என்பதை நம்மில் மூத்தவர்கள் அறிவர். அடுத்த ஆண்டே உதவித்தொகை பெறும் முதியோருக்கும் அங்கே உணவு அளிக்கப்பட்டது என்பது பலரும் மறந்த செய்தி. பேரப்பிள்ளை வயதுக் குழந்தைகளோடு பாட்டியும் தட்டேந்தி அமர்ந்தாள். மையத்தில் உண்போருக்கு மாதம் இரண்டு கிலோ அரிசி, உண்ணாதோருக்கு நான்கு கிலோ, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலையோ வேட்டியோ என்று திட்டம் பின்னர் விரிந்தது. பணத்தைவிட அந்தச் சேலையைப் பற்றியே முதியோர் மிகுதியாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். பணம் கைக்கு வந்தால் வீட்டில் பங்கு போகும்; உடுத்த சேலை போகாது.

தமிழகமும் கேரளமும் போன்ற மாநிலங்கள் செய்துவந்ததை நாடெங்கும் விரிக்கவேண்டும் என்று வாதிட்டவர்களுள் எஸ். குகன் குறிப்பிடத்தக்கவர். தமிழக அரசின் நிதித்துறைச் செயலராக இருந்து, பின்னர் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய அறிஞர். ஏழை நாடு என்பதால் முதியோருக்கு உதவ இயலாது என்னும் வாதத்தை அவர் ஏற்கவில்லை. நடுவணரசு 1995 ஆகஸ்டு 15-இல் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. வயது அறுபத்தைந்து, மாதம் 75 ரூபாய், நாளொன்றுக்கு இரண்டரை ரூபாய். மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று உச்சவரம்பும் இருந்தது. வரம்பு நிறைந்துவிட்டால், தகுதியுள்ள முதியவர் பட்டியலில் உள்ள வேறொரு முதியவரின் இறப்புக்காகக் காத்திருக்க வேண்டும். இதைவிடக் கொடிய வரிசை வேறு உண்டா? நடுவணரசின் பங்கு 2006-இல் 200 ரூபாயாயிற்று. எண்பது வயதைக் கடந்தோருக்கு 2011-இல் 500 ரூபாயாக உயர்ந்தது. தகுதி வயதும் அவ்வாண்டே அறுபதாகக் குறைந்தது. மற்றவர்களுக்கான 200 ரூபாய் ஒரு தலைமுறைக் குழந்தைகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம் வரை அசையவில்லை. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்ததால்தான் தமிழகத்து முதியோர் 2011-இல் 1,000 ரூபாயும், 2023-இல் 1,200 ரூபாயும் காண முடிந்தது.

நீதிமன்றங்களும் இந்த வரலாற்றில் உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டி.எஸ். நகாரா தொடுத்த வழக்கில் 1982 டிசம்பர் 17-இல் உச்சநீதிமன்றம் ஓய்வூதியம் அரசின் கருணைக்கொடையன்று, உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த நாளை ஓய்வூதியர்கள் இன்றும் தம் நாளாகக் கொண்டாடுகின்றனர். ஆட்சியர் அலுவலகத்தில் நாம் கண்ட முதல் வகையினரின் குரலில் இருக்கும் உறுதி அங்கிருந்து வருவது. இரண்டாம் வகையினருக்காகவும் ஓர் ஆணை உண்டு. அதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28-இல் உச்சநீதிமன்றம், தகுதியுள்ள முதியோரை அடையாளம் காணும் பொறுப்பை அரசுகள் மேல் சுமத்தியது. ஒவ்வொரு மாதமும் ஏழாம் நாளுக்குள் தொகை சேரவேண்டும் என்றும் ஆணையிட்டது. அடையாளம் காண்பது அரசின் வேலை என்று சொல்லப்பட்டபின்னும் மனுவைச் சுமந்து அலைவது முதியவராகவே இருக்கிறார்.

அலைந்தும் அவர் எங்கே தடைபடுகிறார்? பெரும்பாலும் வயதில். நாடு முழுமைக்கும் ஒரே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல்தான் வந்தது. அதற்கு முன் நம் கிராமங்களில் வீட்டில் பிறந்த குழந்தைகள் பல, ஏட்டில் ஏறவேயில்லை. அயர்லாந்தின் பெருங்காற்றைப் போல நமக்கும் நாள்காட்டிகள் உண்டு. 1924-இல் காவிரியில் வந்த பெருவெள்ளம், 1952 புயல், 1956-இல் அரியலூர் ரயில் கவிழ்ந்தது, தனுஷ்கோடி அழிந்த 1964 எனப் பாட்டிமார் தம் வயதை இவற்றோடு சேர்த்தே சொல்வர். தனுஷ்கோடிப் புயலின்போது கைக்குழந்தையாயிருந்தவர் 2024-இல் அறுபதைத் தொட்டார். ஆனால் புயலை எந்த வட்டாட்சியரும் சான்றாக ஏற்கமாட்டார். அரசு மருத்துவர் மதிப்பிட்டுத் தரும் வயதுச் சான்று பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பங்குக் கோயிலின் திருமுழுக்கு ஏடு. பிறந்த நாள், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் எல்லாம் அப்போதைய பங்குத்தந்தையின் கையெழுத்தில் இருக்கும். அலுவலர் அதனை நேரே ஏற்காவிடினும், பிற ஆவணங்களில் வயதைத் திருத்துவதற்கு அது வலிய துணை. அறுபதைக் கடந்தவரை ஐம்பத்திரண்டு என்று வாக்காளர் அட்டையோ ஆதாரோ காட்டினால், எட்டு ஆண்டு உதவி வீணாகிறது.

அடுத்த தடை முகவரி. இது திருவரங்கத்தில் மிகுதி. அம்மா மண்டபப் படித்துறையிலும் கோபுர வாசல்களிலும் வேற்றூர்களிலிருந்து வந்து தங்கிவிட்ட முதியோரைக் காணாதவர் திருச்சியில் இரார். சிலர் பக்தியால் வந்தவர்கள். சிலர் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். கோயிலில் 2012 முதல் நாள் முழுதும் அன்னதானம் நடைபெறுவதால் பசி தீர்கிறது. ஆனால் குடும்ப அட்டை இல்லை, வீட்டு எண் இல்லை. விசாரணைக்கு வருபவர் எந்த வாசலில் போய்க் கேட்பார்? ஆதரவற்றவர்களுக்கென்று ஏற்பட்ட திட்டத்தில், ஆதரவே அற்றவர் நுழைய முடியாமற் போவது இவ்வாறுதான்.

மகன் என்னும் தடைக்கு 2007-இல் வேறொரு வழி திறந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி, பேணாத பிள்ளையிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தரக் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் உண்டு. திருவரங்கத்தார் திருவரங்கம் கோட்டாட்சியரிடமே செல்லலாம். சட்டம் நல்லதே. ஆனால் பெற்ற மகன் மேல் மனுக் கொடுப்பதைவிடப் பட்டினி மேல் என்று இருந்துவிடும் தாயின் உள்ளத்தைச் சட்டம் எழுதியவர்கள் அறியாதவர்களா? ஓரளவு அறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. அதன் ஐந்தாம் பிரிவு, முதியவர் இயலாதவராயின் அவர் அதிகாரமளித்த வேறொருவரோ ஓர் அமைப்போ விண்ணப்பிக்கலாம் என்கிறது. தீர்ப்பாயம் தானாகவே எடுத்துக்கொள்ளவும் இடம் தருகிறது. எழுவரை ஏற்படுத்திய பழைய ஏற்பாட்டின் சாயல் இதில் தெரிகிறது. 1833-இல் பாரிசில் பிரெடரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு தேடிச் செல்வதையே முதற்கடமையாகக் கொண்டனர். நம் பங்குகளிலும் இருக்கும் அச்சபை அன்பர்கள் அரிசியும் மருந்தும் கொண்டு செல்லும் வீடுகளில், இந்த ஐந்தாம் பிரிவைப் பற்றியும் பேசலாம்.

தொகை வந்து சேரும் வழியும் மாறிவிட்டது. முன்பு தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்து, பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு வாசலில் எண்ணிக் கொடுப்பார். நேர்மையாளர் முழுதும் கொடுப்பார், சிலர் ‘தேநீர்க் காசு’ எடுத்துக்கொள்வர். என்றாலும் அந்த நாளில் ஒருவர் பெயர் சொல்லி அழைத்தபடி வீட்டுக்கு வந்தார். இப்பொழுது வங்கிக் கணக்கு, ஆதார், கைரேகைக் கருவி. நாற்று நட்டும் பீடி சுற்றியும் தேய்ந்த விரல்களைக் கருவி பலமுறை அறிய மறுக்கிறது. அப்போது கண்ணின் கருவிழியைக் கொண்டு பதிவு செய்யக் கேட்கவேண்டும் என்பதும் முதியவருக்குத் தெரியாது.

விண்ணப்பம் இக்காலத்தில் இ-சேவை மையம் வழியாகச் செல்கிறது. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்தபின், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவு செய்கிறார். மையத்துக்குச் செல்லுமுன் வீட்டிலேயே பார்க்கவேண்டியது பெயர். திருமுழுக்கு ஏட்டில் சவேரியம்மாள், குடும்ப அட்டையில் சவரியாயி, வங்கிப் புத்தகத்தில் சேவியர் மேரி என்று ஒரே பாட்டி மூவராக இருப்பது நம்மவர்களிடையே மிகுதி. கருவிக்கு மூவரும் வேறு வேறு ஆட்கள். முதலில் ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் ஒரே பெயர், ஒரே பிறந்த ஆண்டு என்று ஆக்கிக்கொள்ள வேண்டும். அறுபதுக்கு முன்பே உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து புதுப்பித்து வந்தவராயின், அங்கே கேட்கத்தக்க ஓய்வூதியம் தனியே உண்டு. இரண்டில் எது பொருந்தும் என்பதைப் பார்த்தே எழுதவேண்டும். விண்ணப்பித்ததற்கான ஒப்புகைச் சீட்டைத் தொலைக்கலாகாது. மறுக்கப்பட்டால், வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பாமல் காரணத்தை எழுத்தில் பெறவேண்டும். அதைக் கொண்டு மேலதிகாரியிடமோ திங்கட்கிழமை ஆட்சியரிடமோ மீண்டும் செல்லலாம். மூத்த குடிமக்களுக்கென 2021-இல் நாடெங்கும் ஏற்பட்ட 14567 என்னும் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம். ஓய்வு பெற்ற ஆசிரியரோ அலுவலக எழுத்தரோ இல்லாத பங்கு நம் மறைமாவட்டத்தில் இராது. திருமுழுக்கு ஏடு இருக்கும் அலமாரியும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் அரைமணி நேரம் திறந்திருக்கக் கூடியதே.